நடுக்கடலில் வழி சொல்லும் குட்டி கம்ப்யூட்டர்!

கையில் இருக்கும் போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் தெரு தெரியும். தெருமுனை டீக்கடை, மெடிக்கல் ஷாப், அடுத்த சந்தில் இருக்கும் பிள்ளையார் கோயில்கூடத் தெரியும். இப்போது விரலால் அப்படியே கடல் பக்கம் நகர்த்துங்கள். கரையைத் தாண்டியதும் நீலம். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீலம்தான்.

அந்த நீலத்துக்குள் எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, எந்த இடத்தில் பாறை தண்ணீருக்கு ஒரு முழம் கீழே ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் அந்த மேப் சொல்லாது. அது ரோட்டில் போகிறவர்களுக்காகச் செய்தது. சரி, கடலில் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பெரிய கப்பல்களுக்குக் கவலையில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து கருவிகள் வைத்திருப்பார்கள், அதற்கென்றே படித்த அதிகாரிகளும் இருப்பார்கள். நான் சொல்ல வந்தது சின்னப் படகுகளைப் பற்றி. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் முப்பது, நாற்பது அடி நீளப் பாய்மரப் படகிலேயே குடும்பத்தோடு மாதக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள், குழந்தைகளுக்குப் படகிலேயே பாடம் நடத்தும் பெற்றோர்கள் என்று பலவகை. அவர்களில் பலர் இப்போது வழி பார்க்க நம்புவது, ஏ.டி.எம். கார்டு அளவே உள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டரை. அது எப்படி வேலை செய்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

கடலுக்கென்று தனி மேப்

முதலில் கடல் வரைபடம். அதில் நிலம் சும்மா ஒரு ஓரமாகத்தான் இருக்கும். தண்ணீர்ப் பரப்பு முழுக்க எண்கள். ஒவ்வோர் எண்ணும் அந்த இடத்தின் ஆழம். இந்த ஆழம் சராசரிக் கணக்கு இல்லை. கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்குமோ, ஏறத்தாழ அந்த அளவைத்தான் எழுதுவார்கள். 'குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கும்' என்று தெரிந்தால்தானே தைரியமாகப் படகை விடமுடியும்?

எண்கள் தவிர, மிதவைகள், கலங்கரை விளக்கங்கள், அந்த விளக்கு எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னும் என்ற குறிப்பு, மூழ்கிய கப்பல்கள், நங்கூரம் போட உகந்த இடங்கள், அடியில் மணலா சேறா பாறையா என்ற தகவல் எல்லாம் இருக்கும்.

பழைய வரைபடங்களில் ஆழத்தை 'ஃபாதம்' கணக்கில் எழுதினார்கள். ஒரு ஃபாதம் என்பது 6 அடி. இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள். நம் மீனவர்கள் சொல்லும் 'பாகம்' இருக்கிறதே, அதுவும் இதே கணக்குதான். கயிற்றில் குண்டைக் கட்டிக் கடலுக்குள் இறக்கி, மேலே இழுக்கும்போது இரு கைகளையும் விரித்து விரித்து அளந்தால் இத்தனை பாகம் என்று தெரிந்துவிடும். உலகத்தின் இரண்டு மூலைகளிலும் ஒரே அளவுகோல்!

இந்த வரைபடங்களை ஒவ்வொரு நாட்டு அரசும் தயாரிக்கிறது. நம் நாட்டில் டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகத்தின் வேலை அது. அமெரிக்காவில் நோவா என்ற அரசு அமைப்பு, தன் மின்னணு வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்திருக்கிறது. பல நாடுகளின் வரைபடங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த போர்டு

அடுத்தது அந்தக் குட்டி கம்ப்யூட்டர். பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் கையைக் காலை உடைத்துக்கொள்ளாமல், வீட்டுக் கம்ப்யூட்டரையும் கெடுக்காமல் புரோகிராமிங் பழகட்டும் என்பதுதான் நோக்கம்.

புராசஸர், மெமரி, யு.எஸ்.பி. சொருகும் இடங்கள், டி.வி.யோடு இணைக்கும் வசதி என எல்லாமே ஒரே போர்டில். நீளம் 85 மில்லிமீட்டர் சொச்சம். உள்ளே ஹார்டு டிஸ்க் கிடையாது. போனில் போடும் மெமரி கார்டில்தான் எல்லாம் ஓடும். 2019-ல் வந்த நான்காம் தலைமுறை, 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறை இரண்டும் கடல் வரைபடம் காட்டும் வேலைக்குத் தாராளம்.

படகுக்காரர்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது? மூன்று காரணங்கள். விலை குறைவு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும். கெட்டுப்போனால் இன்னொன்றை வாங்கி, அதே கார்டைச் சொருகினால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படகுகளுக்கென்றே கம்பெனிகள் விற்கும் 'சார்ட்பிளாட்டர்' கருவிகள் உறுதியானவைதான், மறுக்கவில்லை. ஆனால், பெரிய ஸ்கிரீன் வேண்டுமென்றால் விலை லட்சத்தைத் தாண்டும். பழுதானால் சர்வீஸ் சென்டர் இருக்கும் துறைமுகம் வரை காத்திருக்கவேண்டும்.

ஒரு படகோட்டி எழுதிய மென்பொருள்

போர்டு மட்டும் இருந்து என்ன பயன்? அதில் ஓட ஒரு மென்பொருள் வேண்டுமே. அதன் பெயர் ஓப்பன்சி.பி.என். பாய்மரப் படகோட்டியான டேவ் ரெஜிஸ்டர் தொடங்கி, 2009-ல் வெளியானது. அன்றிலிருந்து பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். முற்றிலும் இலவசம். உள்ளே எழுதியிருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் என எதிலும் ஓடும்.

இதையும், படகுக்குத் தேவையான மற்ற மென்பொருட்களையும் ராஸ்பெர்ரி பைக்கு ஏற்றபடி தொகுத்துத் தருவது ஓப்பன்பிளாட்டர். கார்டில் ஏற்றிச் சொருகிவிட்டால், பெரும்பாலான வேலைகளை மெனுவிலேயே முடித்துக்கொள்ளலாம்.

யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன ஜி.பி.எஸ். ஒன்றையும் இணைத்துவிட்டால் ஆட்டம் ஆரம்பம். வரைபடத்தின் மேல் உங்கள் படகு ஒரு சின்ன உருவமாகத் தெரியும். எந்தத் திசையில், எத்தனை 'நாட்' வேகத்தில் போகிறீர்கள் என்று காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். போகவேண்டிய வழியைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளலாம். வந்த வழி கோடாகப் பதிந்துகொண்டே வரும். ராத்திரி நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்கும்போது, காற்றில் படகு இழுபட்டுக் குறிப்பிட்ட வட்டத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். படகில் குழந்தைகளோடு தூங்கும் அப்பா, அம்மாவுக்கு இந்த ஒரு வசதியே போதும்!

வெவ்வேறு கம்பெனிகள் செய்த கருவிகள் எப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன? அமெரிக்காவின் நேஷனல் மரைன் எலக்ட்ரானிக்ஸ் அசோசியேஷன் 1983-ல் ஒரு பொதுமொழியை வகுத்தது. 'நேரம் இது, அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, வேகம் இது' என்று காற்புள்ளிகளால் பிரித்த ஒரே வரி. வேகம் விநாடிக்கு 4,800 பிட். இன்றைய இன்டர்நெட் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மாட்டுவண்டி. ஆனால், காற்றின் திசையைச் சொல்லும் கருவி, ஆழம் பார்க்கும் கருவி, ஜி.பி.எஸ். எல்லாம் இன்றும் அந்த வரிகளைப் புரிந்துகொள்கின்றன. அதனால்தான் முப்பது வருடப் பழைய ஆழமானியைக்கூட இந்தப் புதுக் கம்ப்யூட்டரோடு இணைக்க முடிகிறது.

எதிரே யார் வருவது?

நம் இடம் தெரிந்தால் மட்டும் போதாதே. எதிரே வருபவர் யார் என்றும் தெரியவேண்டும். அதற்கு இருப்பது ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாள முறை. கப்பல் தன் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் தானே சொல்லிக்கொண்டே போகும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், எல்லாப் பயணிகள் கப்பல்களும் இதை வைத்திருக்கவேண்டும் என்ற சர்வதேச விதி 2004 முடிவில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கப்பல்கள் பேசும் இரண்டு அலைவரிசைகள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரில் டி.வி. பார்க்க விற்கும் மலிவான யு.எஸ்.பி. டாங்கிள்களில் சில வகைகளை வைத்தே இந்த அலைகளைப் பிடித்துவிட முடிகிறது. பாய்மரத்தின் உச்சியில் ஒரு ஆன்டெனா இருந்தால் 15, 20 கடல் மைல் தூரத்துக் கப்பல்கள் எல்லாம் ஸ்கிரீனில் சின்னச் சின்ன முக்கோணங்களாக நகரும்.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் படகு 6 நாட் வேகத்தில் போகிறது. எதிரே சரக்குக் கப்பல் 18 நாட் வேகத்தில் நேராக வருகிறது. இருவரும் நெருங்கும் வேகம் 24 நாட். லேசான மூட்டத்தில் 4 கடல் மைல் தூரத்தில்தான் கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதுவதற்கு இருப்பது 10 நிமிடம். ஏ.ஐ.எஸ்.ஸில் 12 கடல் மைலிலேயே தெரிந்துவிட்டால் 30 நிமிடம். பாயைச் சரிசெய்து, திசை மாற்றி, ரேடியோவில் கப்பலை அதன் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பேச அந்தக் கூடுதல் 20 நிமிடம் பெரிய விஷயம்.

இன்னொன்றும் செய்யும். இரண்டு பேரும் இப்படியே போனால் எத்தனை நிமிடத்தில், எவ்வளவு நெருக்கமாகக் கடப்பீர்கள் என்று ஓப்பன்சி.பி.என். கணக்குப் போட்டுச் சொல்லும். நீங்கள் வைத்த அளவைவிட நெருக்கமாக வந்தால் சத்தம் போடும்.

ஆனால் கவனம்... ஏ.ஐ.எஸ். வைத்திருப்பவர்கள் மட்டும்தான் ஸ்கிரீனில் தெரிவார்கள். சின்ன மீன்பிடிப் படகு தெரியாது. மிதக்கும் மரக்கட்டை தெரியாது. கருவியை அணைத்துவிட்டுப் போகும் கப்பலும் தெரியாது. இன்னொரு விஷயம், டாங்கிள் கேட்க மட்டும்தான் செய்யும். உங்களைக் கப்பலுக்குத் தெரியவேண்டும் என்றால், முறையாக அங்கீகரிக்கப்பட்ட டிரான்ஸ்பாண்டர் தனியாக வாங்கவேண்டும்.

போனே ஸ்கிரீன்!

இந்தத் தகவல்களையெல்லாம் பார்க்கப் பெரிய ஸ்கிரீன் வேண்டுமா? அவசியமில்லை. 'சிக்னல் கே' என்று ஒரு திறந்த முறை இருக்கிறது. குட்டி கம்ப்யூட்டர் படகுக்குள் ஒரு வைஃபையை உருவாக்கி, வேகம், ஆழம், காற்று, இடம் எல்லாவற்றையும் அதில் அனுப்பும். போனிலோ டேப்லெட்டிலோ பிரவுசரைத் திறந்தால் போதும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம். அம்மா சமையல் மேடையருகே நின்று ஆழம் பார்க்கலாம், மகள் மேல்தளத்தில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்க்கலாம்.

மின்சாரக் கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் இனிப்பு. இனி கொஞ்சம் கசப்பு மருந்து.

வீட்டில் பிளக்கைச் சொருகினால் கரண்ட். படகில் எல்லாமே பேட்டரியிலிருந்துதான். குட்டி கம்ப்யூட்டர் 5 வாட் எடுக்கிறது, நல்ல ஸ்கிரீன் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 வாட். 24 மணி நேரத்துக்கு 360 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். எனவே, கைவசம் 600தான். ஒன்றரை நாளில் கதை முடிந்தது. விளக்கு, ரேடியோ, ஃபிரிட்ஜ் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை!

அதே ஸ்கிரீனை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போனில் பார்த்தால்? நாளுக்கு 120 வாட்-ஹவர். ஐந்து நாள் தாங்கும். அதாவது, கரண்டைக் குடிப்பது கம்ப்யூட்டர் இல்லை, ஸ்கிரீன். அனுபவசாலிகள் முதலில் கவனிப்பது இதைத்தான்.

இன்னொரு தொல்லை, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடி. பேட்டரி வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் மட்டமானதாக இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். வோல்ட்டேஜ் போதவில்லை என்றால் ஸ்கிரீன் மூலையில் ஒரு மின்னல் குறி தெரியும். அதைப் பார்த்தும் அலட்சியமாக இருக்கக்கூடாது. கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால், கார்டே படிக்கமுடியாமல் போகலாம். இருட்டில், பாறைகள் நிறைந்த துறைமுக வாயிலில் நுழையும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து எளிமையானது. நல்ல கன்வர்ட்டர் வாங்குங்கள். கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளில் அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு கார்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

வெயிலும் உப்பும் அடுத்த எதிரிகள். சிப் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று போகாத டப்பாவில் போட்டு வெயிலில் வைத்தால் அந்த நிலை சீக்கிரமே வரும். டப்பாவில் துளை போட்டாலோ உப்புக்காற்று புகுந்து இணைப்புகளைத் துரு பிடிக்கவைக்கும். அதனால் படகின் உள்ளே, நிழலில், வெப்பத்தை வெளியே கடத்தும் அலுமினியப் பெட்டிக்குள் வைப்பது வழக்கம். இன்னொன்று, காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மின்கம்பியும் ஸ்பீக்கரும் முள்ளை லேசாக இழுத்துவிடும். கம்ப்யூட்டர் நின்றுபோனால் கடைசியாகக் கைகொடுக்கப்போவது அந்த முள்தான்.

பாறை மறைந்த கதை

கரண்ட், கார்டு, வெயில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம். இனி ஸ்கிரீனில் தெரிவதை அப்படியே நம்பலாமா? 2014-ல் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

வோல்வோ ஓஷன் ரேஸ் என்பது உலகத்தைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் போட்டி. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போகும் கட்டம். 65 அடி நீளம், உலகத்தரம் வாய்ந்த கருவிகள், அனுபவம் மிக்க ஒன்பது பேர். நவம்பர் 29 அன்று இருட்டிய நேரத்தில், டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற அந்தப் படகு ஏறத்தாழ 19 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில், பவளப்பாறையில் மோதி ஏறி நின்றது. இடம், மொரீஷியஸுக்கு வடகிழக்கே சுமார் 430 கிலோமீட்டர் தள்ளியுள்ள கார்கடோஸ் கராஜோஸ் திட்டு.

நல்லவேளையாக ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். இரவெல்லாம் அலை அடித்துக்கொண்டே இருந்த படகில் காத்திருந்து, விடிவதற்கு முன் பாறைமேல் இறங்கி நடந்து காப்பாற்றப்பட்டார்கள்.

அந்தத் திட்டு வரைபடத்தில் இல்லையா? இருந்தது. விஷயம் என்னவென்றால், மின்னணு வரைபடத்தில் நெருக்கிப் பார்த்தால் ஒரு விவரம், தள்ளிப் பார்த்தால் வேறு விவரம். பெரிய பரப்பை ஒரே ஸ்கிரீனில் காட்டும்போது, எண்களும் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் இருக்க, மென்பொருள் பலவற்றை மறைத்துவிடும். சில அளவுகளில் பார்த்தபோது, பல பத்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டு ஆபத்தான இடமாகவே தெரியவில்லை. கடலடியில் ஒரு மேடு இருக்கிறது, ஆனால் தாண்டிப்போகப் போதுமான தண்ணீர் இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். போகும் வழி முழுவதையும் விரலால் நெருக்கிப் பார்த்திருந்தால் பாறை கண்ணில் பட்டிருக்கும்.

படகை மீட்டு, பழுதுபார்த்து, அதே போட்டியின் கடைசிக் கட்டங்களில் மறுபடி கலந்துகொண்டார்கள் என்பது தனிக்கதை. ஆனால், கோடிக்கணக்கில் செலவழித்த அணிக்கே இது நடந்தது என்றால், சமையல் மேடைக்குக் கீழே குட்டி கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குடும்பம் இன்னும் எத்தனை ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்?

வரைபடத்தின் வயதையும் பார்க்கவேண்டும். ஜி.பி.எஸ். இன்று சில மீட்டர் துல்லியத்தில் உங்கள் இடத்தைச் சொல்கிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தள்ளித் தெரியும். அந்தக் காலத்தில் மாலுமிகள் தாராளமாக ஒதுங்கிப் போனார்கள். இப்போது துல்லியம் வந்துவிட்டது. ஆனால், கடலடியை அளந்தவர்களின் துல்லியம்? பசிபிக் தீவுகள் பலவற்றின் வரைபடங்களுக்கு அடிப்படை, 19-ம் நூற்றாண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்த அளவுகள். அங்கெல்லாம் படகு பத்திரமாகத் தண்ணீரில் நங்கூரமிட்டிருக்க, ஸ்கிரீனில் மட்டும் தீவின்மேல் ஏறி நிற்கும்! படகின் இடம் சரி, தீவின் இடம்தான் தவறு. ஸ்கிரீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அளவு தாத்தா காலத்தது.

நம் கடலில்...

'நம்ம ஊரில் இதெல்லாம் யாருக்கு?' என்று கேட்பீர்கள். இதே யோசனை நம் கடலுக்கும் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கையில் போன் இருந்தும் பயனில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே டவர் எட்டாது. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் அமைப்பு தரும் புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் போன்ற தகவல்களை ககன் செயற்கைக்கோள் வழியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி, புளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தரும்.

கவனித்தீர்களா? இங்கும் ஒரு பெட்டி, ஒரு போன். வானத்திலிருந்து வரும் தகவலைப் பெட்டி பிடிக்கிறது, காட்டுவது போன். ஜெமினியில் மீனவர் பதில் அனுப்பமுடியாது. அந்தக் குறையைப் போக்க, இரண்டு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

வீட்டிலேயே பழகலாம்

இதைப் பழக படகோ கடலோ வேண்டாம். ஓப்பன்சி.பி.என்.னை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுங்கள். அமெரிக்காவின் இலவச வரைபடம் ஒன்றை இறக்குங்கள். நியூயார்க் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தண்ணீர் தேவைப்படும் படகு உங்களிடம் இருப்பதாக நினைத்து, கடலிலிருந்து உள்ளே வர ஒரு வழி போடுங்கள். பிறகு அந்த வழியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருக்கிப் பாருங்கள். தள்ளிப் பார்க்கும்போது இல்லாத எத்தனை விஷயங்கள் புதிதாக முளைக்கின்றன என்று எண்ணுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் பூகோளப் பாடமும் ஆச்சு, பொழுதுபோக்கும் ஆச்சு.

நிஜமாகவே படகில் வைக்கப்போகிறவர்களுக்கு நான்கு வரி:

* இது துணைதான். தனியே பேட்டரி உள்ள இன்னொரு ஜி.பி.எஸ்., போகும் பகுதியின் காகித வரைபடம், காந்தத் திசைகாட்டி மூன்றும் படகில் இருக்கட்டும்.
* கிளம்பும் முன் முழு வழியையும் நெருக்கிப் பாருங்கள்.
* மணிக்கொரு முறை இடத்தை நோட்டில் எழுதுங்கள். ஸ்கிரீன் அணைந்தாலும் கடைசியாக எங்கே இருந்தோம் என்பது தெரியும்.
* வரைபடத்தை அவ்வப்போது புதுப்பியுங்கள்.

கடலில் கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-ல் வகுத்த சர்வதேச விதிகள் இருக்கின்றன. அதில் ஐந்தாவது விதி, எந்தக் கப்பலும் படகும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே போகவேண்டும் என்கிறது. மற்ற கருவிகளையும் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால், முதலில் சொல்வது கண்ணும் காதும்தான். அந்த விதி எழுதியபோது ஜி.பி.எஸ். இல்லை, ஏ.ஐ.எஸ். இல்லை, ராஸ்பெர்ரி பை இல்லை. இத்தனையும் வந்த பிறகும் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை.

குட்டி கம்ப்யூட்டரைத் தாராளமாக வாங்குங்கள், பொருத்துங்கள், பழகுங்கள். ஆனால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீனிலிருந்து தலையைத் தூக்கிக் கடலைப் பாருங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கருவியோடு சந்திப்போம்!